கியர்பாக்ஸை இறக்கும் முன் சென்சாரைப் பாருங்கள்

மதுரை கப்பலூர் டோல்கேட் தாண்டி நன்றாகப் போன ஆட்டோமேட்டிக் கார், திடீரென்று இஞ்சின் விளக்கு எரிந்து, இழுவை இல்லாமல் முக்கினால் பலரும் பதறிவிடுகிறார்கள். உடனே 'கியர்பாக்ஸ் போச்சு' என்று முடிவு கட்டாதீர்கள். கியர்பாக்ஸ் சுழலும் வேகத்தை அளக்கும் வேக சென்சாரிலிருந்து தகவல் வராவிட்டால் காரின் கம்ப்யூட்டர் வண்டியைப் பாதுகாப்பு நிலைக்குக் கொண்டுபோய், பெரும்பாலும் இரண்டாவது அல்லது மூன்றாவது கியரிலேயே ஓடவைக்கும். ஸ்பீடாமீட்டர் முள்ளும் துள்ளினால் சந்தேகம் இன்னும் வலுக்கும்.

மெக்கானிக்கிடம் ஸ்கேனர் போடச் சொல்லி, அதில் வரும் கோளாறு எண்ணை (கோட்) அழிப்பதற்கு முன் போனில் படம் எடுத்து வையுங்கள். இது ரொம்ப முக்கியம். பி0715 (P0715) என்றால் கியர்பாக்ஸுக்குள் வரும் வேகத்தை அளக்கும் இன்புட் சென்சார் சர்க்யூட், பி0720 (P0720) என்றால் வெளியே போகும் வேகத்தை அளக்கும் அவுட்புட் சென்சார் சர்க்யூட். சர்க்யூட் என்றால் சென்சார் மட்டுமல்ல, வயரும் கனெக்டரும் சேர்த்துத்தான். மணிநகரம் கர்டர் பாலத்தடியில் தேங்கிய தண்ணீரில் இறங்கி வந்த வண்டியாக இருந்தால் முதலில் கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள். அதன் உள்ளே உள்ள உலோகப் பின்களில் பச்சைப் பாசி மாதிரி பூத்திருக்கும். எலக்ட்ரிகல் கிளீனர் அடித்து, காயவைத்து மாட்டினாலே சில வண்டிகள் சரியாகிவிடும். காந்த வகை சென்சார் என்றால் முனையில் இரும்புத்தூள் ஒட்டியிருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

கியர் ஆயில் கருத்து, தீய்ந்த வாடை அடித்தால் கதை வேறு. அப்போது ஓட்டாதீர்கள், கட்டி இழுக்கவும் விடாமல், நான்கு சக்கரமும் மேலே ஏறும் ரிக்கவரி வண்டியைக் கூப்பிடுங்கள்.