செக் எஞ்சின் விளக்கு எரிகிறதா? சென்சார் வாங்கும் முன் இதைப் பாருங்கள்

செக் எஞ்சின் விளக்கு விட்டுவிட்டு மின்னினால் வண்டியை ஓரங்கட்டுங்கள். மிஸ்ஃபயரால் (சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாமல் போவதால்) புகையைச் சுத்திகரிக்கும் வினையூக்கி மாற்றி கெட்டுவிடக்கூடும். விளக்கு நிலையாக எரிந்தால் நிதானமாகச் சோதிக்கலாம். பெட்ரோல் கார், புளூடூத் ஓபிடி ஸ்கேனர் (காரின் கணினியில் பதிவான பிழைகளைப் படிக்கும் கருவி), அதற்கான செயலி உள்ள கைப்பேசி இருந்தால் போதும்.

படி 1: ஸ்டீயரிங்குக்குக் கீழே 16 முனைகள் கொண்ட சாக்கெட் இருக்கும். அதில் ஸ்கேனரைச் செருகி, சாவியை 'ஆன்' நிலைக்குத் திருப்பிக் கைப்பேசியுடன் இணையுங்கள். இணைப்பு எண் பெரும்பாலும் 1234 அல்லது 0000.

படி 2: பிழைக் குறியீட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். உடனே அழித்துவிடாதீர்கள். பிழை தோன்றியபோது பதிவான எஞ்சின் சுழற்சி, வெப்பநிலை போன்ற தடயங்களும் அதோடு போய்விடும்.

இப்போது பி0171 வந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். கலவையில் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்பது இதன் பொருள். இதைப் பார்த்ததும் புகையில் மிஞ்சிய ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிஜன் சென்சாரை மாற்றச் சொல்பவர்கள் ஏராளம். குறையைக் கண்டு சொன்னதே பெரும்பாலும் அந்தச் சென்சார்தான். அதையே தண்டிப்பது என்ன நியாயம்?

படி 3: திறந்த வெளியில், நியூட்ரலில், ஹேண்ட்பிரேக் போட்டு எஞ்சினை ஓடவிடுங்கள். கூலன்ட் 85 டிகிரியைத் தாண்டட்டும். குளிர்ந்த எஞ்சினில் கணினி ஆக்சிஜன் சென்சாரைப் பொருட்படுத்தாமல், நினைவில் உள்ள அட்டவணைப்படியே பெட்ரோல் அளக்கும். சூடேறிய பிறகுதான் ஒரு கிலோ பெட்ரோலுக்கு 14.7 கிலோ காற்று என்ற விகிதத்தை நோக்கி நொடிக்கு நொடி திருத்தும்.

படி 4: அந்தத் திருத்தம் செயலியில் 'ஃபியூவல் ட்ரிம்' என்று சதவீதத்தில் தெரியும்; + என்றால் கணினி பெட்ரோலைக் கூட்டுகிறது. குறுகிய கால, நீண்ட கால எண்களைக் கூட்டுங்கள். பத்துக்குள் இருந்தால் கவலையில்லை. ஐடிலில் (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் எஞ்சின் ஓடும்போது) +22 காட்டி, நிமிடத்துக்கு 2500 சுழற்சியில் +4க்கு இறங்கினால், உள்ளே வரும் காற்றை அளக்கும் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார் உள்ள எஞ்சின்களில் எங்கோ வெற்றிடக் குழாய் விரிசல் விட்டிருக்க வாய்ப்பு அதிகம். ஐடிலில் உள்ளே வரும் காற்றே கொஞ்சம் என்பதால் விரிசல் வழியே கசிந்து வரும் காற்றின் பங்கு பெரிதாகத் தெரிகிறது. மாறாக, எஞ்சின் வேகம் கூடக் கூட எண் ஏறினால் பெட்ரோல் பம்ப், ஃபில்டர், ஏர்ஃப்ளோ சென்சார் ஆகியவற்றைச் சந்தேகியுங்கள்.

படி 5: பழுதைச் சரிசெய்த பிறகே குறியீட்டை அழியுங்கள். சில நாள் ஓட்டிவிட்டு ட்ரிம்மை மறுபடி பாருங்கள். ஸ்கேனரைச் சாக்கெட்டிலேயே விட்டுவிட வேண்டாம். சாவியை எடுத்த பிறகும் அது பேட்டரியிலிருந்து மின்சாரம் இழுத்துக்கொண்டிருக்கும்.