மலையில் ஓடும் காருக்கு எஞ்சின் ஆயில்: எப்போது மாற்றுவது, எங்கே நிறுத்தி அளப்பது

போன ஜனவரியில் ஒரு காலை, வைப்பர் தண்ணீர் ஊற்றுவதற்காகக் காரின் பானெட்டைத் திறந்தேன். போகிற போக்கில் ஆயில் ஊற்றும் மூடியையும் திருகிப் பார்த்தேன். மூடியின் அடிப்பக்கம் முழுக்க, ஆறிப்போன காப்பியில் படிந்த ஆடைபோல வெளுத்த பிசுக்கு. விரலால் வழித்தால் வெண்ணெய்போல வந்தது. ஆயில் மாற்றிப் பதினொரு மாதம் ஆகியிருந்தது. ஓடிய தூரம் 3,900 கிலோமீட்டர். கையேட்டில் 10,000 கிலோமீட்டர் அல்லது ஓராண்டு என்றுதானே இருக்கிறது, பாதிகூட ஆகவில்லையே என்று நிம்மதியாக இருந்தவன் நான்.

முதலில் பார்த்த ஒர்க் ஷாப்பில், "ஹெட் கேஸ்கட் போய்விட்டது, எஞ்சினைத் திறக்க வேண்டும்" என்றார்கள். ஹெட் கேஸ்கட் என்பது எஞ்சினின் மேல்பகுதிக்கும் கீழ்ப்பகுதிக்கும் நடுவில் இருக்கும் அடைப்புத் தகடு. அது போனால் எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் திரவம் ஆயிலில் கலந்துவிடும். செலவைக் கேட்டதும் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன். நல்லவேளை.

காரணம் கேஸ்கட் இல்லை, கோத்தகிரிதான். எங்கள் ஊர் சுமார் 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பெட்ரோல் எரியும்போது நீராவியும் உண்டாகிறது. அதில் கொஞ்சம் பிஸ்டன் வளையங்களைத் தாண்டி, ஆயில் இருக்கும் பகுதிக்குள் இறங்கிவிடும். எஞ்சின் நன்றாகச் சூடானால் அது ஆவியாகி வெளியேறிவிடும். பள்ளிக்கு மூன்று கிலோமீட்டர், திரும்ப மூன்று கிலோமீட்டர், மாலையில் மறுபடி அதே என்று குளிரில் ஓடும் காரில் அந்தச் சூடு வருவதே இல்லை. நீர் ஆயிலோடு கலந்து நுரைத்து, இருப்பதிலேயே குளிர்ந்த இடமான மூடியில் வந்து ஒட்டிக்கொள்கிறது. எரியாத பெட்ரோலும் இறங்கி ஆயிலை நீர்க்கச் செய்கிறது. வெப்பமானி முள் நடுவில் நிற்கிறதே என்று ஏமாறாதீர்கள். அது காட்டுவது கூலன்ட் சூட்டை. ஆயில் சூடாக இன்னும் நேரம் பிடிக்கும்.

உங்கள் மூடியிலும் பிசுக்கு இருந்தால் பயப்படுவதற்கு முன் இதைச் செய்யுங்கள். கூலன்ட் டப்பாவில் தண்ணீர் மட்டத்துக்கு நேராகப் பேனாவால் ஒரு கோடு போடுங்கள். டிப்ஸ்டிக்கை, அதாவது ஆயில் மட்டத்துக்கு மேலும் கீழும் கோடு போட்ட அளவுக் கம்பியை, உருவிப் பாருங்கள். மூடியில் மட்டும் பிசுக்கு, டிப்ஸ்டிக்கில் ஆயில் தெளிவு, கூலன்ட்டும் குறையவில்லை என்றால் பெரும்பாலும் குளிரின் வேலைதான். டிப்ஸ்டிக்கிலும் பால்போல இருந்தாலோ கூலன்ட் குறைந்துகொண்டே போனாலோ வண்டியை எடுக்காமல் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். நான் மேட்டுப்பாளையம் வரை இறங்கி ஏறினேன். இறக்கத்தில் எஞ்சின் சூடாகாது. கியரில் பிடித்து, ஆக்சிலரேட்டரை விட்டு இறங்கும்போது இன்னும் ஆறத்தான் செய்யும். ஏற்றம்தான் மருந்து. திரும்பி வந்து பார்த்தபோது பிசுக்கில் பாதி காணாமல் போயிருந்தது. கோடு போட்ட இடத்திலேயே கூலன்ட் நின்றது.

எப்போது மாற்றுவது?

கையேட்டின் பின்பக்கங்களில் "கடுமையான பயன்பாடு" என்ற தலைப்பில் ஓர் அட்டவணை இருக்கும். குறுகிய தூரப் பயணம், மலைச்சாலை, அடிக்கடி நின்று ஓடும் எஞ்சின் எல்லாம் அதில் வரும். நாம் யாரும் அந்தப் பக்கத்தைப் புரட்டுவதில்லை. நீலகிரியில் ஊருக்குள்ளேயே சுற்றும் கார் அந்த அட்டவணைக்குத்தான் சொந்தம். என் கணக்கு: ஆறு மாதம் அல்லது 5,000 கிலோமீட்டர், எது முதலில் வருகிறதோ அது. எனக்கு எப்போதும் மாதம்தான் முதலில் வருகிறது. வாரந்தோறும் கோயம்புத்தூர் போய் வருகிறவர்களுக்கு இவ்வளவு அவசரம் வேண்டாம். ஓராண்டு என்பதை மட்டும் தாண்டாதீர்கள். தினமும் மசினகுடிக்குக் கல்லட்டி வழியாக, 36 கொண்டை ஊசி வளைவுகளிலும் முதல், இரண்டாம் கியரிலேயே ஏறி இறங்குகிறவர்களுக்கு மீட்டர் காட்டுவதைவிட எஞ்சின் அதிகம் சுற்றியிருக்கும். அவர்களும் ஐயாயிரத்திலேயே மாற்றிவிடுவது நல்லது.

எந்த ஆயில்?

கையேட்டில் என்ன எண் இருக்கிறதோ அது. ஊட்டியில் உறைபனி விழுகிறதே, இன்னும் மெல்லிய ஆயில் வேண்டாமா என்று கேட்பார்கள். 5டபிள்யூ-30 என்பதில் டபிள்யூ குளிர்காலத்தைக் குறிக்கிறது. நம் ஊர்க் குளிர் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. கையேடு கேட்கும் தரத்தில் நடுத்தர விலை ஆயிலை ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றுவேனே தவிர, விலை உயர்ந்ததை ஊற்றி இரண்டு வருடம் விடமாட்டேன். மைலேஜ் கூடும் என்று விற்கும் குட்டி பாட்டில் திரவங்கள் காசுக்குக் கேடு.

இனி, நான் சறுக்கிய இடம்: அளப்பது

எங்கள் வீட்டு முற்றம் சரிவு. காரின் மூக்கை மேட்டுப்பக்கம் வைத்துத்தான் நிறுத்துவேன். ஆயில் மாற்றிய மறுவாரம் டிப்ஸ்டிக்கை உருவினால், ஆயில் கீழ்க்கோட்டுக்கும் கீழே! பதறிப்போய் அரை லிட்டருக்கு மேல் ஊற்றினேன். பக்கத்து வீட்டு ஜீப்காரர் வேலிக்கு அப்பாலிருந்து பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, எல்லாம் முடிந்த பிறகு கேட்டார்: "தம்பி, வண்டி சாய்ந்து நிற்கிறது. ஆயில் மட்டும் நேராக நிற்குமா?"

சமதரையில் நிறுத்தி அளந்தால் மேல்கோட்டைத் தாண்டி ஒரு விரல் அகலம். மட்டம் மிகுந்தால், எஞ்சினின் அடியில் சுழலும் தண்டான கிராங்க் அதை மோர் கடைவதுபோலக் கடைந்து நுரையாக்கிவிடும். நுரையால் உராய்வைத் தடுக்க முடியாது. கூடுதல் ஆயிலை, டிப்ஸ்டிக் குழாய்க்குள் மெல்லிய ட்யூபை விட்டுப் பெரிய சிரிஞ்சால் உறிஞ்சி எடுத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிற்று.

மலையில் சமதரை என்று கண்ணுக்குத் தெரிவதை நம்பாதீர்கள். மேடும் பள்ளமும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு லேசான சரிவு சமமாகத்தான் தெரியும். பெட்ரோல் பங்க் தரையில்கூட மழைநீர் ஓட வாட்டம் விட்டிருப்பார்கள். கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டம் ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். நேரான ரீப்பர் கட்டையைத் தரையில் போட்டு, அதன்மேல் ரசமட்டத்தை வையுங்கள். காரின் நீளவாக்கில் ஒருமுறை, அகலவாக்கில் ஒருமுறை. இரண்டிலும் குமிழி நடுவில் நின்றால் அதுதான் உங்கள் இடம். சக்கரம் நிற்கும் இடத்தில் பெயின்டால் குறி போட்டுவிடுங்கள். செல்பேசியிலும் இதற்குச் செயலி உண்டு. கேமரா புடைப்பால் அது ஆடிக்கொண்டே இருக்கும், எனக்கு ஒத்துவரவில்லை.

குறியில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, பத்து நிமிடம் பொறுங்கள். டிப்ஸ்டிக்கை உருவித் துடைத்து, முழுதாகச் செருகி, மறுபடி உருவுங்கள். முதலில் உருவியபோது தெரிந்த அளவு கணக்கில் வராது. இரண்டு கோடுகளுக்கு நடுவில் இருந்தாலே போதும், மேல்கோட்டைத் தொட்டே ஆகவேண்டும் என்பதில்லை.

மாற்றுவது

சமமான, கெட்டியான தரை இல்லாவிட்டால் வீட்டில் மாற்றவே வேண்டாம். ஆயிலையும் ஃபில்டரையும் நீங்களே வாங்கி ஒர்க் ஷாப்பில் கொடுத்து, பக்கத்தில் நின்று பாருங்கள். தரை இருக்கிறது என்றால்:

1. பத்து நிமிடம் ஓட்டிவிட்டு வாருங்கள். வெதுவெதுப்பான ஆயில் முழுதாக வடியும். கொதிக்கும் ஆயில் கையைப் பொசுக்கும்.

2. ஹேண்ட் பிரேக், கியர், பின்சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை. ஜாக்கியால் தூக்கி, ஸ்டாண்டில் இறக்கிய பிறகே கீழே போகவேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பிப் படுக்காதீர்கள்.

3. ஆயிலை வடிக்க அடியில் இருக்கும் ட்ரெயின் போல்ட்டுக்கு ரிங் ஸ்பானர்தான். அட்ஜஸ்டபிள் ஸ்பானர் போட்டால் போல்ட்டின் தலை மழுங்கிவிடும், பிறகு யார் வந்தாலும் கழற்றுவது பாடுதான். வடிந்ததும் புது வாஷர் போட்டு முடுக்குங்கள். முழு பலத்தையும் காட்டவேண்டாம்; மரை போய்விடும்.

4. புது ஃபில்டரின் ரப்பர் வளையத்தில் விரலால் ஆயில் தடவி, கையாலேயே திருகுங்கள். ரப்பர் உட்கார்ந்தபின் இன்னும் முக்கால் சுற்று.

5. கார் சமமாக இறங்கிய பிறகு, கையேடு சொல்லும் அளவில் கால் லிட்டர் குறைத்து ஊற்றுங்கள். ஒரு நிமிடம் எஞ்சினை ஓடவிட்டு, அடியில் கசிகிறதா பார்த்து, அணைத்து, பத்து நிமிடம் கழித்து அளந்து மிச்சத்தை ஊற்றுங்கள். தண்ணீர் பாட்டிலை வெட்டிப் புனலாக்கச் சொல்வார்கள். நீலகிரியில் அந்த பாட்டிலுக்கே தடை. முப்பது நாற்பது ரூபாய்க்குப் புனலே வாங்கிவிடுங்கள். துடைக்கப் பனியன் வேஸ்ட்டை மிஞ்சியது எதுவும் இல்லை.

பழைய ஆயிலை ஓடையிலோ தேயிலைத் தோட்டத்து ஓரத்திலோ கொட்டாதீர்கள். புது ஆயில் வந்த கேனிலேயே ஊற்றி ஒர்க் ஷாப்பில் கொடுத்தால் வாங்கிக்கொள்வார்கள்.

பின்சேர்க்கை 1: குன்னூர் வாசகர் ஒருவருக்கு எல்லாம் செய்தும் ஃபில்டர் ஓரத்தில் ஆயில் பீய்ச்சியதாம். பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டு, அதன்மேல் புதியதும் உட்கார்ந்திருக்கிறது. எனக்கு நேராததால் எழுதாமல் விட்டேன், மன்னிக்கவும். நான்காவது படிக்கு முன், அந்த இடத்தைத் துடைத்து விரலால் தடவிப் பாருங்கள்.

பின்சேர்க்கை 2: டீசல் கார்காரர்கள் கேட்டது. மாற்றிய சில நாளிலேயே ஆயில் கறுப்பது டீசலுக்கு இயல்பு, நிறத்தை வைத்து மாற்றவேண்டாம். ஆனால் பி.எஸ். 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த டீசல் கார்களில் ஆயில் மட்டம் தானாக ஏறினால் கவனியுங்கள். புகை வடிகட்டியில் சேரும் கரியை எரிக்க வண்டி கூடுதலாக டீசலைச் செலுத்தும். குறுகிய ஓட்டத்தில் அது பாதியில் நின்று, டீசல் ஆயிலில் இறங்கிவிடும். மேல்கோட்டைத் தாண்டிவிட்டால் மாதக் கணக்குப் பார்க்காமல் மாற்றுங்கள். அளக்கும் முன் கார் சமதரையில்தான் நிற்கிறதா என்று ரசமட்டம் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். கேட்ட மூவரில் ஒருவருக்கு ஏறியிருந்தது ஆயில் இல்லை, வாசல்தான்.