சோழர் பள்ளிப்படைகளைப் பார்க்க ஊருக்கு வருகிறீர்களா?

தஞ்சைப் பெரிய கோயிலைப் பார்த்து முடித்ததும் பலருக்கும் ஒரு கேள்வி வரும்: இவ்வளவு பெரிய கோயிலைக் கட்டிய ராசராசனின் சமாதி எங்கே? தேடிப் போவதற்கு முன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். சோழ அரசர்களின் சமாதி மாளிகை போல எழுந்து நிற்காது. இறந்தவரின் நினைவாகச் சிவலிங்கம் வைத்து எடுத்த கோயில்தான் பள்ளிப்படை. பார்வைக்கு அது இன்னொரு சிவன் கோயில், கல்வெட்டுதான் காட்டிக்கொடுக்கும்.

கும்பகோணத்தில் தங்குங்கள். திருச்சி விமான நிலையத்தில் இறங்கினால் தஞ்சாவூர் வழியாகக் காரில் வந்துவிடலாம். சென்னையிலிருந்து ரயில் இருக்கிறது. கும்பகோணத்திலிருந்து ஒரு ஆட்டோவோ காரோ பேசிக்கொண்டு தாராசுரம், பட்டீஸ்வரம், உடையாளூர் என்று ஒரே சுற்றாகப் போகலாம்.

முதலிடம் பட்டீஸ்வரத்துக்குத்தான். துர்க்கையம்மன் சந்நிதிக்கு வரும் கூட்டம் பஞ்சவன்மாதேவீச்சரம் என்ற கோயில் பக்கம் திரும்புவதில்லை. ராமநாதன் கோயில் என்றும் கேட்டுப் பாருங்கள், வழி சொல்வார்கள். ராசராசனின் தேவியருள் ஒருவர் பஞ்சவன்மாதேவி. முதலாம் ராசேந்திரனுக்குச் சிற்றன்னை. பெற்ற தாய் வானவன்மாதேவி வேறு. அந்தச் சிற்றன்னைக்கு அவன் எடுத்த பள்ளிப்படை இது. பள்ளிப்படை என்ற சொல்லே இங்குள்ள கல்வெட்டில் இருக்கிறது. லகுளீச பண்டிதர் என்பவர் இங்கே மடத்தை நடத்தியதையும் அது சொல்கிறது. பெயரைப் பார்த்தாலே காளாமுகம் என்ற சைவப் பிரிவின் தொடர்பு தெரியும். சின்னக் கோயில்தான். ஆனாலும் என்னைக் கேட்டால், ஒரே ஒரு பள்ளிப்படைக்குத்தான் நேரம் என்றால் இதற்கே போகச் சொல்வேன்.

அடுத்தது உடையாளூர். ராசராசன் சமாதி என்று காரோட்டிகள் கூட்டிப்போவது இங்கேதான். பாதி மண்ணுக்குள் சாய்ந்து கிடக்கும் ஒரு லிங்கத்தைக் காட்டுவார்கள். அந்த நம்பிக்கைக்கு ஆதாரமாகச் சொல்லப்படுவது பால்குளத்தம்மன் கோயில் தூணில் உள்ள, முதலாம் குலோத்துங்கனின் 42ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு. சிவபாதசேகரன் என்ற ராசராசனின் பட்டப்பெயரோடு ஒரு திருமாளிகையையும், அதன் முன் மண்டபத்தைப் புதுப்பித்ததையும் அது சொல்கிறது. பள்ளிப்படை என்று சொல்லவில்லை. ராசராசன் மறைந்தது 1014இல். இது கிட்டத்தட்ட நூறு ஆண்டு கழித்து வெட்டியது. 2019இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்ட பிறகு தொல்லியல் துறையும் இங்கே ஆய்வு செய்தது. ஆனாலும் வாக்குவாதம் முடியவில்லை. போங்கள், பாருங்கள், கும்பிடுங்கள். ஆனால் இதுதான் ராசராசன் சமாதி என்று பிள்ளைகளுக்கு அடித்துச் சொல்லாதீர்கள்.

நேரம்தான் பலரையும் ஏமாற்றும். மதியம் 12 மணிவாக்கில் நடை சாத்தினால் மாலை 4 மணிக்குத்தான் திறப்பார்கள். சிறிய கோயில்களில் சாவி குருக்களிடமோ பக்கத்து வீட்டிலோ இருக்கும். பொறுமையாக விசாரியுங்கள், தட்டில் ஏதாவது போடுங்கள். செருப்பைக் கழற்றிவிட்டு நடக்க வேண்டும் என்பதால் வெயில் காலத்தில் கல் தரை காலைச் சுட்டுவிடும். டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை நல்லது. கல்வெட்டு தெளிவாகத் தெரியட்டும் என்று மாவோ சுண்ணாம்போ தேய்க்கவே கூடாது. சாய்வாக டார்ச் அடித்தாலே எழுத்து எழுந்து தெரியும். படம் எடுக்கும் முன் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

இன்னொரு நாள் கையில் இருந்தால் வேலூர் மாவட்டம் மேல்பாடிக்குப் போகலாம். ஆற்றூர்த் துஞ்சிய, அதாவது ஆற்றூரில் இறந்த, அரிஞ்சய சோழனுக்குப் பேரன் ராசராசன் எடுத்த பள்ளிப்படை அங்கே இருக்கிறது. இதில் சந்தேகமே இல்லை, கல்வெட்டே பெயர் சொல்கிறது. காட்பாடியில் ரயிலிறங்கிக் கார் பிடித்துக்கொள்ளுங்கள். அருகிலேயே சோமநாதேசுவரர் கோயிலும் இருப்பதால் அரை நாளாவது ஒதுக்குங்கள்.