பழைய புல்லட்டின் முன் பிரேக்: ட்வின் லீடிங் ஷூவுக்கு மாற்றுவது எப்படி?

பழைய புல்லட்காரர்கள் பலர் முன் பிரேக் இருப்பதையே மறந்துவிட்டு, பின் பிரேக்கை மிதித்தே ஓட்டிப் பழகிவிட்டார்கள். இது ஆபத்து. பிரேக் பிடித்ததும் வண்டியின் பாரம் முன்பக்கம் சாய்கிறது, அதனால் வண்டியை நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன் சக்கரத்துக்குத்தான். டிஸ்க் போடலாமே என்பீர்கள். அதற்கு ஹப் (சக்கரத்தின் நடுப்பகுதி), ஃபோர்க் கால், மாஸ்டர் சிலிண்டர் என்று முன்பக்கத்தில் பாதியை மாற்ற வேண்டும். முதல்முறை கை வைப்பவர்களுக்கு நான் சொல்வது ட்வின் லீடிங் ஷூ பிளேட்தான், பிற்கால புல்லட்டுகளில் கம்பெனியே போட்டுக் கொடுத்தது.

டிரம் பிரேக்கில், சக்கரத்தோடு சுழலும் டிரம்முக்குள் இரண்டு வளைந்த ஷூக்கள் விரிந்து உரசித்தான் வண்டி நிற்கிறது. ஷூவை விரிக்கும் துண்டுதான் கேம், இவற்றையெல்லாம் தாங்கும் தட்டுதான் பிளேட். பழைய பிளேட்டில் கேம் ஒன்றுதான். அது இரண்டு ஷூவையும் விரிக்கும்போது, ஒரு ஷூவைச் சுழலும் டிரம்மே தன் பக்கம் இழுத்து இன்னும் இறுக்கிக்கொள்கிறது, மற்றதைத் தள்ளிவிடுகிறது. புதியதில் ஷூவுக்கு ஒரு கேம் என்பதால் இரண்டுமே இழுபடும், பிடி கூடும். ஆனால் மேட்டில் நின்று வண்டி பின்னால் உருண்டால் இந்த பிரேக் அவ்வளவாகப் பிடிக்காது, அங்கே பின் பிரேக்கைப் பயன்படுத்துங்கள்.

வாங்கும் முன் டிரம்மின் உள்விட்டத்தை அளந்து பாருங்கள். 7 அங்குலம் என்றால் பிளேட்டை மட்டும் மாற்றினால் போதும். 6 அங்குலம் என்றால் ஹப்பையும் சேர்த்து மாற்ற வேண்டிவரும். புது கேபிளும் அந்த பிளேட்டுக்கு உரியதாகக் கேட்டு வாங்குங்கள்.

சென்டர் ஸ்டாண்ட் போட்டு, இன்ஜினுக்கு அடியில் மரக்கட்டை வைத்து முன் சக்கரத்தைத் தூக்கி நிறுத்துங்கள். கேபிளைக் கழற்றி, ஃபோர்க் அடியில் உள்ள மூடிகளின் நட்டுகளை எடுத்தால் சக்கரம் இறங்கிவிடும். எந்த மூடி எந்தப் பக்கம் என்று அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். டிரம்முக்குள் இருக்கும் தூசியை வாயால் ஊதவோ ஏர் அடிக்கவோ கூடாது, பழைய லைனிங்கில் (ஷூவின் மேல் உள்ள உரசும் பட்டையில்) ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம்; ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். டிரம் வட்டம் தவறியிருந்தால் லேத்தில் கொடுத்து லேசாகக் கடைந்து வாங்க வேண்டும், இல்லையென்றால் லிவர் கையில் துடித்துக்கொண்டே இருக்கும்.

அடுத்தது அவசரப்படக் கூடாத வேலை. புது ஷூ டிரம்மோடு முழுதாக ஒட்டாது. டிரம்மின் உள்பக்கம் சாக்பீஸ் தேய்த்து, பிளேட்டை உள்ளே வைத்து, பிரேக்கை லேசாகப் பிடித்தபடி சக்கரத்தைச் சுற்றிவிட்டுக் கழற்றிப் பாருங்கள். லைனிங்கில் எங்கே வெள்ளை ஒட்டியிருக்கிறதோ அதுதான் மேடு, உப்புத்தாளால் அங்கே மட்டும் தேய்க்க வேண்டும். வெள்ளை பரவலாகப் படியும்வரை இதையே திரும்பச் செய்யுங்கள். ஷூவின் முன் முனையை (கேம் பக்கம் உள்ளதை) லேசாகச் சரிவாக்கிவிட்டால் வெடுக்கென்று பிடிக்காது. கேமுக்கு ஒரு சொட்டு கிரீஸ் போதும், லைனிங்கில் பட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சக்கரத்தை ஏற்றும்போது பிளேட்டின் பள்ளம் ஃபோர்க் காலில் உள்ள புடைப்பில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று கண்ணாலும் கையாலும் பாருங்கள். அது உட்காராவிட்டால் பிரேக் பிடித்ததும் பிளேட்டே சுற்றும், சக்கரம் பூட்டிக்கொள்ளும், ஆள் கீழே விழுவார்.

இனி இரண்டு கேமையும் ஒன்றுபடுத்த வேண்டும். கேம் லிவர்களுக்கு இடையில் உள்ள இணைப்புக் கம்பியைக் கழற்றிவிட்டு, அந்த இரண்டு லிவரையும் தனித்தனியாகக் கையால் தள்ளி, ஷூ டிரம்மைத் தொடும் இடத்தில் நிறுத்துங்கள். அந்த நிலையில் கம்பியின் முள் இழுக்காமல், தள்ளாமல் தானாக ஓட்டைக்குள் போக வேண்டும். போகாவிட்டால் கம்பியின் நீளத்தைத் திருகிச் சரிசெய்யுங்கள். இது பிசகினால் ஒரு ஷூதான் வேலை செய்யும், மாற்றிய பலன் பாதியாகிவிடும். பிரேக் பிடித்த நிலையில் கேபிளும் கேம் லிவரும் ஏறக்குறைய செங்கோணத்தில் இருந்தால்தான் விசை முழுதாகச் சேரும்.

கடைசியாக ஆக்ஸில் நட்டைச் சற்றுத் தளர்த்தி, சக்கரத்தைச் சுற்றிவிட்டு, பிரேக்கை இறுகப் பிடியுங்கள். பிடியை விடாமல் இன்னொருவரை அந்த நட்டை முறுக்கச் சொல்லுங்கள், ஷூ டிரம்மின் நடுவில் வந்து அமரும். அப்புறம் ஆள் இல்லாத ரோட்டில் மெதுவாகப் போய், மிதமாகப் பிடித்துப் பிடித்து நிறுத்திப் பழக்குங்கள். லைனிங் படியப் படிய, கேபிளும் நீள நீள கை லிவர் தளரும், அவ்வப்போது அட்ஜஸ்டரைத் திருகி விடுங்கள்.