முன்னால் பூ, பின்னால் மலை: இரண்டும் தெளிவாக விழ

ஆடி மாதம் தென்காசிப் பக்கம் சுந்தரபாண்டியபுரத்தில் சூரியகாந்தி பூத்து நிற்கும். வயலுக்கு மேற்கே சாரல் மேகம் மூடிய மலை. முதல் வருடம் நான் எடுத்த எழுபது சொச்சம் படங்களில் ஒன்றில்கூடப் பூவும் மலையும் சேர்ந்து தெளிவாக விழவில்லை. பூவைப் பிடித்தால் மலை கலங்கியது, மலையைப் பிடித்தால் பூ பஞ்சாகிப் போனது. அப்புறம் நாலு ஆடி அங்கேயே போய்ப் பழகியதைப் புதிதாகக் கேமரா வாங்கியவர்களுக்காக எழுதுகிறேன். என்னிடம் இருப்பது நிக்கான் டி5300, கூடவே வந்த 18-55 மி.மீ. ஜூம் லென்ஸ். அதுவே போதும்.

முதலில் நிற்கும் இடம். இளம் செடிதான் சூரியனோடு திரும்பும். முற்றிய பூ கிழக்கு பார்த்தே நின்றுவிடும். எனவே விடிந்ததும் வயலின் கிழக்கு வரப்பில் நின்று மேற்கே பாருங்கள். பூ உங்களைப் பார்க்கும், வெயில் பூ மேலும் மலை மேலும் நேராக விழும். மாலையில் போனால் பூ முகம் இருட்டித்தான் கிடக்கும். ஆடியில் சூரியன் சற்று வடக்கே தள்ளி உதிப்பதால் உங்கள் நிழல் தென்மேற்காக நீளும். கேமராவைக் கொஞ்சம் வடமேற்கே திருப்பினால் நிழல் படத்துக்குள் வராது. வயலுக்குள் மட்டும் இறங்காதீர்கள். வரப்பில் நிற்பதற்கும் வயல்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

சரி, கேமரா. படம் ரா வடிவில், அதாவது கேமரா சுருக்கித் திருத்தாத கோப்பாகப் பதியட்டும். டயலை ஏ-யில் வையுங்கள், கேனானில் அது ஏவி. அதில் அப்பர்ச்சரை நீங்கள் வைப்பீர்கள், ஷட்டர் வேகத்தைக் கேமராவே முடிவு செய்யும். அப்பர்ச்சர், அதாவது லென்ஸின் துளை, எஃப் 8. எண் கூடினால் துளை சின்னதாகும். எஃப் 22 வைத்தால் எல்லாம் தெளிவாகும் என்று பலர் சொல்வார்கள், நானும் நம்பினேன். அவ்வளவு சின்னத் துளை வழியாக வரும் ஒளி வளைந்து பரவுவதால் படம் முழுக்கவே கூர்மை குறைந்துவிடும்.

இனி ஃபோகஸ். கேமராவையே புள்ளியைத் தேர்ந்தெடுக்க விட்டால் பெரும்பாலும் கிட்ட இருக்கும் பூவைத்தான் பிடிக்கும். ஒற்றைப் புள்ளிக்கு மாற்றுங்கள். லென்ஸ் 18-இல் இருக்கட்டும். டி5300-இல் உள்ள அளவு சென்சாரில் (படத்தைப் பதியும் சில்லு) 18 மி.மீ., எஃப் 8 என்றால், இரண்டு மீட்டரில் ஃபோகஸ் செய்தால் ஒரு மீட்டரிலிருந்து அடிவானம் வரை ஏறக்குறைய தெளிவாக இருக்கும். ஆனால் மலை அந்த விளிம்பிலேயே நிற்பதால், பெரிதாக்கிப் பார்த்தால் லேசாக மங்கும். அதனால் நான் எட்டடி, அதாவது இரண்டரை மீட்டர் தள்ளி இருக்கும் பூவைப் பிடிப்பேன். ஷட்டர் பொத்தானைப் பாதி அழுத்தி, ஃபோகஸ் விழுந்ததும் விரலை எடுத்துவிட்டு, லென்ஸ் பக்கவாட்டில் உள்ள சுவிட்சை எம்-க்கு, அதாவது கையால் ஃபோகஸ் செய்வதற்குத் தள்ளுவேன். அதற்குப் பிறகு ஃபோகஸ் வளையத்தையும் ஜூமையும் தொடவே கூடாது. 35-க்கு இழுத்தீர்களானால் அந்த இரண்டு மீட்டர் கணக்கு ஏழரை மீட்டரைத் தாண்டிவிடும். மிக முன்னால் இருக்கும் பூ உங்களிடமிருந்து ஒன்றரை மீட்டராவது தள்ளி இருக்கட்டும்.

அடுத்தது காற்று. செங்கோட்டைக் கணவாய் வழியாக அடிக்கும் ஆடிக் காற்றில் பூ ஒரு நொடி சும்மா நிற்காது. டிரைபாட் கேமராவைத்தான் பிடிக்கும், பூவைப் பிடிக்காது. ஷட்டர் வேகம் 1/250 நொடிக்குக் குறையாமல் பாருங்கள். ஐ.எஸ்.ஓ. என்பது சென்சார் ஒளியை உணரும் அளவு, அதைக் கூட்டினால் ஷட்டர் வேகமும் கூடும். ஆறரை மணி வெயிலில் அதற்கு ஐ.எஸ்.ஓ. 400 தேவைப்படும், மேகம் மூடினால் 800. ஐ.எஸ்.ஓ. 100-இல்தான் படம் புள்ளி புள்ளியாகாமல் சுத்தமாக வரும் என்று பிடிவாதம் பிடித்தால் படம் முழுக்க ஆடிய பூதான் மிஞ்சும்.

வெளிச்ச அளவில் ஒரு விஷயம் எனக்குத் தெரிய ரொம்ப நாளானது. கேமரா சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று நிறங்களாக (சேனல்) ஒளியைப் பதியும். மஞ்சள் இதழில் சிவப்பு சேனல்தான் முதலில் எல்லையைத் தாண்டி எகிறும். மொத்த வெளிச்சத்தைக் காட்டும் வெள்ளை ஹிஸ்டோகிராம் (இடது இருட்டு, வலது வெளிச்சம் என்று காட்டும் வரைபடம்) ஒழுங்காகத் தெரியும், இதழோ கோடு எதுவும் இல்லாத மஞ்சள் திட்டாகிவிடும். மூன்று நிறங்களையும் தனித்தனியாகக் காட்டும் ஹிஸ்டோகிராமைத் திறந்து, சிவப்பு வலது ஓரத்தில் முட்டினால் எக்ஸ்போஷர் திருத்தத்தை (+/- குறியீடு) -0.7-க்குக் குறையுங்கள்.

இரண்டு படம் எடுத்ததும் திரையில் பெரிதாக்கி, முதல் பூவின் நடுவட்டத்தையும் மலை முகட்டு மரங்களையும் பாருங்கள். முகடு மங்கலாக இருந்தால் லென்ஸ் சுவிட்சைத் திரும்ப ஏ-க்கு (தானாக ஃபோகஸ்) கொண்டுவந்து பன்னிரண்டடியில் இருக்கும் பூவைப் பிடியுங்கள். ஏழரை மணிக்குள் முடித்துவிடுங்கள். அதற்கு மேல் பெரும்பாலும் மேகம் இறங்கி மலையை மூடிவிடும்.