தேதி குறிப்பதற்கு முன் காட்சிகளைப் பிரியுங்கள்

குறும்படமோ முழுநீளப் படமோ, படப்பிடிப்புத் தேதிகளைக் குறிப்பதற்கு முன்பாகத் திரைக்கதையைக் காட்சி காட்சியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தேவைப்படும் நடிகர்கள், உடைகள், பொருள்கள், வாகனங்கள் ஆகியவற்றைத் தனித்தனித் தாளில் எழுதிவிடுங்கள். ஒரு பக்கத்தை 8 பாகங்களாகப் பிரித்துக் காட்சியின் நீளத்தை அளப்பதும், ஒரு பக்கம் திரையில் ஏறத்தாழ 1 நிமிடம் ஓடும் என்று கொள்வதும் தொழில்முறை வழக்கம். ஆனால் அந்தக் கணக்கை மட்டும் நம்ப வேண்டாம். ‘இரு படைகளும் மோதுகின்றன’ என்ற ஒற்றை வரி 1/8 பக்கம்தான், அதைப் படமாக்கப் பல நாள்கள் ஆகலாம்.

கதையின் வரிசையை விட்டுவிட்டு, ஒரே இடத்தில் நிகழும் காட்சிகளைப் பகல், இரவு வாரியாகத் தொகுத்தே அட்டவணை போடப்படுகிறது. இப்படி வரிசை மாறுவதால்தான், தழும்பு எந்தக் கன்னத்தில் இருந்தது, கோப்பையில் எவ்வளவு தேநீர் மிச்சமிருந்தது என்பதையெல்லாம் புகைப்படத்துடன் பதிவுசெய்யும் கன்டினியூட்டி (காட்சித் தொடர்ச்சி) பொறுப்பாளர் தேவைப்படுகிறார். சிக்கனம் கருதிச் சிறு குழுக்கள் எளிதில் கைவிடும் பொறுப்பு இது. என் பார்வையில் கடைசியாகக் கைவிட வேண்டியதும் இதுதான். தனி ஆள் கிடைக்காவிட்டால் உதவி இயக்குநர் ஒருவரை இதற்கென்றே ஒதுக்குங்கள், கிளாப் அடிக்கும் வேலையைக்கூட அவரிடம் கொடுக்காதீர்கள். வெளிப்புறக் காட்சிகளை முதல் நாள்களிலேயே வைத்துக்கொண்டால், மழை குறுக்கிட்டாலும் அன்றைக்கு உள்ளரங்கக் காட்சி ஒன்றுக்கு மாறிக்கொள்ள இடமிருக்கும்.