ஒரு வலி மாத்திரையிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது

எடுத்துக்கொண்டிருக்கும் மாத்திரைக்கு மூட்டுவலியோ முதுகுவலியோ கேட்காவிட்டாலும், அது வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாவிட்டாலும், வேறொன்றுக்கு மாறத் தோன்றுவது இயல்பே. ஒருவருக்கு ஐபுபுரோஃபெனில் அடங்காத வலி நாப்ராக்செனில் அடங்குவதும் உண்டு என்பதால், மாறுவதில் தவறில்லை. பழைய மாத்திரையை நிறுத்தாமலே புதியதையும் விழுங்குவதுதான் ஆபத்து.

ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், நாப்ராக்சென், மெலாக்சிகாம், எட்டோரிகாக்சிப் ஆகிய அனைத்தும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த அழற்சி எதிர்ப்பு மருந்துகள். சைக்ளோஆக்சிஜனேஸ் என்னும் நொதியைத் தடுத்து, வலியையும் வீக்கத்தையும் தூண்டும் புரோஸ்டாகிளாண்டின்களின் உற்பத்தியை இவை குறைக்கின்றன. ஆனால் இரைப்பையின் உட்சுவரைக் காப்பதிலும், சிறுநீரகத்துக்குப் போதிய இரத்தம் செல்ல உதவுவதிலும் இதே புரோஸ்டாகிளாண்டின்களுக்குப் பங்கு உண்டு. ஆகவே இந்தக் குடும்பத்தில் இரண்டைச் சேர்த்து எடுத்தால் வலி இரு மடங்கு குறைவதில்லை. இரைப்பைப் புண், இரத்தக்கசிவு, சிறுநீரகப் பாதிப்பு ஆகியவற்றின் வாய்ப்புதான் கூடுகிறது. ஊசியாகப் போட்டுக்கொண்டாலும் மருந்து இரத்தத்தில் கலந்தே வேலை செய்வதால், வயிற்றுக்குள் போகவில்லை என்று அதைக் கணக்கில் சேர்க்காமல் விடக் கூடாது.

மாறுவதற்கான எளிய விதி இதுதான்: பழைய மருந்தின் அடுத்த வேளை எப்போது வருமோ, அப்போது அதற்குப் பதிலாகப் புதியதைத் தொடங்க வேண்டும். நாளுக்கு இரண்டு வேளை எடுக்கும் நாப்ராக்செனைக் காலை 8 மணிக்கு எடுத்திருந்தால், ஐபுபுரோஃபெனை இரவு 8 மணிக்கு முன் தொடங்கக் கூடாது; நண்பகலிலேயே வலி திரும்பிவிட்டாலும் இதுவே விதி. நாளுக்கு ஒரே வேளை எடுக்கும் மெலாக்சிகாம், எட்டோரிகாக்சிப் போன்றவற்றுக்கு 24 மணி நேரம் காத்திருக்க வேண்டும். ஐபுபுரோஃபெனின் பாதியளவு ஏறக்குறைய 2 மணி நேரத்தில் இரத்தத்திலிருந்து நீங்கிவிட, மெலாக்சிகாமுக்கு அதே அளவு நீங்கச் சுமார் 20 மணி நேரம் ஆகிறது. இதே குடும்பத்தின் பிராக்சிகாம் அதனினும் நெடுநேரம் தங்குவது என்பதால், அதிலிருந்து மாறும் நாளை மருத்துவரே குறிப்பது நல்லது. காத்திருக்கும் நேரத்தில் வலி பொறுக்க முடியாவிட்டால், இந்தக் குடும்பத்தைச் சேராத பாராசிட்டமாலை உரிய அளவில் எடுத்துக்கொள்ளலாம். கல்லீரல் நோய் உள்ளவர்களும் மது அருந்துபவர்களும் அதையும் மருத்துவரிடம் கேட்ட பிறகே எடுக்க வேண்டும்.

இவ்வளவு கணக்கையும் குலைத்துவிடுவது கூட்டு மருந்துகள். மாத்திரை அட்டையில் பெரிய எழுத்தில் இருப்பது வணிகப் பெயர் மட்டுமே. உள்ளே என்ன இருக்கிறது என்பதை, சிறிய எழுத்தில் மில்லிகிராம் அளவோடு அச்சிட்டிருக்கும் மூலப்பெயர்தான் சொல்லும். முழங்கால் வலிக்காக அசிக்ளோஃபெனாக்கும் பாராசிட்டமாலும் கலந்த மாத்திரையை எடுப்பவர், பல்வலி வந்ததும் ஐபுபுரோஃபெனும் பாராசிட்டமாலும் கலந்த இன்னொன்றை வாங்கினால், அறியாமலே இரண்டு அழற்சி எதிர்ப்பு மருந்துகளையும் இரட்டிப்புப் பாராசிட்டமாலையும் விழுங்குகிறார். சளி, காய்ச்சல் மாத்திரைகளிலும் இவை கலந்திருக்கக்கூடும். அட்டையை ஓரமாகக் கிழித்துப் பெயரை இழந்துவிடாமல், கடைசி மாத்திரை வரை அந்தப் பகுதியைப் பத்திரப்படுத்துங்கள். மீதமுள்ள பழைய மாத்திரைகளைக் கைக்கெட்டும் இடத்திலிருந்து அகற்றிவிட வேண்டும் என்றே நான் வற்புறுத்துவேன்; இரவில் வலியோடு விழிப்பவர் பெயரைப் படிப்பதில்லை.

இதயத்துக்காகத் தினமும் குறைந்த அளவு ஆஸ்பிரின் எடுப்பவர்களின் நிலை வேறு. அதை வலி மாத்திரையாகக் கருதித் தாமாக நிறுத்திவிடக் கூடாது. இடையில் ஐபுபுரோஃபென் சேர்ந்தால், இரத்தம் உறைய உதவும் இரத்தத்தட்டுகள் மீது ஆஸ்பிரின் வேலை செய்வதை அது தடுக்கக்கூடும்; சாதாரண ஆஸ்பிரினை எடுத்து 30 நிமிடங்களாவது கழித்தோ, ஆஸ்பிரினுக்கு 8 மணி நேரத்துக்கு மேல் முன்பாகவோ ஐபுபுரோஃபெனை எடுப்பது வழக்கமான அறிவுரை. குடலில் கரையும் பூச்சுள்ள ஆஸ்பிரினுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது என்பதாலும், இரண்டும் சேரும்போது இரத்தக்கசிவு வாய்ப்பு கூடுவதாலும், மருத்துவரிடம் கேட்காமல் தொடங்க வேண்டாம்.

இரைப்பைப் புண் வந்தவர்கள், சிறுநீரகக் குறைபாடோ இதய நோயோ உள்ளவர்கள், வார்ஃபரின், ஸ்டீராய்டு, லித்தியம் அல்லது மெத்தோட்ரெக்ஸேட் எடுப்பவர்கள், முதியோர், கர்ப்பிணிகள் ஆகியோர் தாமாக மாறக் கூடாது. கர்ப்பத்தின் 20ஆம் வாரத்துக்குப் பின் இவற்றைத் தவிர்ப்பதே பொதுவான அறிவுரை. இரத்த அழுத்த மாத்திரையோடு சிறுநீர் பெருக்கியும் எடுப்பவர்களுக்கு இவை மூன்றாவதாகச் சேரும்போது சிறுநீரகம் திடீரெனப் பாதிக்கப்படக்கூடும். ஒரு மாத்திரையால் மூச்சிரைப்போ முகவீக்கமோ வந்திருந்தால், இதே குடும்பத்தின் வேறொன்றும் அதையே செய்யலாம். அங்கே மாத்திரையை மாற்றிப் பார்ப்பது தீர்வாகாது.

புதிய மருந்தை, பயன் தரும் மிகக் குறைந்த அளவில், உணவோடு தொடங்குங்கள். கடையில் தாமாக வாங்கியது சில நாட்களில் பயன் தராவிட்டால், மூன்றாவது மருந்தைத் தேடாமல் மருத்துவரைப் பாருங்கள். மலம் தார் போலக் கறுத்தாலோ, இரத்த வாந்தி எடுத்தாலோ, நெஞ்சு வலித்தாலோ, மூச்சுத் திணறினாலோ, முகமோ உதடோ வீங்கினாலோ, மருந்தை நிறுத்திவிட்டு உடனே அவசரச் சிகிச்சைக்குச் செல்லுங்கள். சிறுநீர் குறைந்தாலோ கால்கள் வீங்கினாலோ, மாத்திரையை நிறுத்தி அன்றே மருத்துவரை அணுகுங்கள். பழைய அட்டை, புதிய அட்டை இரண்டையும் கையோடு கொண்டுசெல்லுங்கள்.